மீனாட்சி பீபிக் வீட்டுச் சாமிப் புத்தகம்

ஜனவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து காய்ந்த காற்று. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. இருக்கும் இரண்டு வேட்டியில் ஒன்று கிழிசல். கோணி நூலால் தைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

எழுதப் புது நோட்டு கிடையாது. இது பாப்பாவின் நோட்டு. முன்பக்கம் அவள் கை: அ, ஆ, இ, பிறகு பொறுமை போய் ஒரு பூனை. நான் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன். நடுவில் சந்திக்க இன்னும் இருபது பக்கம்.

ஜப்பான்காரர் வந்த பிறகு அலுவலகத்தில் ஆண்டு அவர்கள் கணக்குப்படி 2604. எனக்கு 1944. கடிகாரமும் தோக்கியோ நேரம். ராத்திரி எட்டு மணிக்கு வெளியே இன்னும் வெயில். ஒரு விதத்தில் நல்லது. விளக்கெண்ணெய் இல்லாமல் இதை எழுத முடிகிறது.

மனைவி கமலமும் மகள் பாப்பாவும் சிங்கப்பூரில் கப்பலேறி இந்த மாதத்தோடு இரண்டு வருடம். ஒரு வரி கடிதம் இல்லை. நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்களா என்பதே தெரியாது. யாராவது கேட்டால் "ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்கிறேன். நல்ல வாக்கியம். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

சாயங்காலம் முன்வீட்டில் சத்தம். (நான் பின்னறையில் வாடகைக்கு இருப்பவன். வீடு மீனாட்சி பீபிக்குடையது; இங்கே வயதான அம்மாளைப் பீபிக் என்பார்கள். மலாக்காவில் வேரூன்றிய செட்டி சமூகம், கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தமிழ் என்று மிச்சம் இருப்பது "சாமி", "கோயில்", "பொங்கல்" மாதிரி பத்து இருபது சொல்.) அவள் கொழுந்தன் பெருமாள் வந்திருந்தார். அவள் மகன் ஆறுமுகத்தைப் பற்றித்தான் பேச்சு. போன ஜூனில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் என்று சொல்லி. அங்கிருந்து ஓடி வந்த ஒருவனைப் பெருமாள் பார்த்தாராம். ஆறுமுகம் இருந்த கொட்டகையில் காலரா, மிச்சம் யாரும் இல்லை என்று அவன் கேள்விப்பட்டானாம்.

"பார்த்தானா?" இது பீபிக்.

"பார்க்கல. கேள்விதான்."

"அப்ப போ."

அவர்கள் பேசுவது மலாய். எனக்குப் புரிந்த அளவில் தமிழாக்கி எழுதுகிறேன்.

ஜனவரி 5, புதன்

வெயில். மரவள்ளி வேகவைத்தது, உப்பு, இரண்டு பச்சை மிளகாய். நேற்றும் அதே.

விஷயம் இன்று முழுதாக விளங்கியது. போகியன்று இவர்கள் செத்துப்போன முன்னோருக்கு விளக்குக்கு எதிரே வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். இந்த வீட்டில் ஐந்து இலை. ஒன்று பீபிக்கின் புருஷனுக்கு. இந்த வருடம் ஆறுமுகத்துக்கும் போட வேண்டும் என்கிறார் பெருமாள். சித்தப்பா; தோளில் தூக்கி வளர்த்தவர். பையன் செத்து, இலையும் இல்லாமல் பசியோடு அலைந்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். பீபிக் மறுக்கிறாள். இலை போட்டால் செத்துவிட்டான் என்று அவள் வாயாலேயே சொன்ன மாதிரி.

காலையில் கிணற்றடியில் என்னை நிறுத்தினாள். குமாஸ்தாவுக்கு இங்கே கிராணி என்று பெயர்.

"கிராணி, உங்களுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வரும்தானே?"

வரும் என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். எதற்கு மறைக்க.

"எங்க வீட்டுல சாமிப் புத்தகம் ஒண்ணு இருக்கு. புருஷனோட பாட்டன் காலத்துது. தமிழ் எழுத்து. மூணு தலைமுறையா யாருக்கும் வாசிக்கத் தெரியாது. இலை போடலாமா கூடாதான்னு அதுல பார்த்துச் சொல்லுங்க. பெருமாளும் ஒத்துக்கிட்டாரு. புத்தகம் சொன்னா சரியாம்."

ஞாயிற்றுக்கிழமை இருவர் முன்னிலையில் படிப்பது என்று ஏற்பாடு. அதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். குளித்துவிட்டு வரச் சொன்னாள்.

இரண்டு வருடமாக யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, அலுவலகத்துக்காக நான் அளக்கும் மரவள்ளிப் பாத்தியின் நீளம் அகலம் தவிர. இன்று அலுவலகத்துக்கு நடக்கும்போது கால் தானாக வேகம் பிடித்தது. என்ன புத்தகமாக இருக்கும்? தேவாரமா, புராணமா? வாசித்து அர்த்தம் சொல்லி, தமிழை மறந்ததற்கு நாசூக்காக இரண்டு வார்த்தையும் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஜனவரி 6, வியாழன்

குளித்தேன். விபூதி பூசிக்கொண்டேன். பீபிக் பெட்டியைத் திறந்து மஞ்சள் துணி மூட்டையைத் தலையில் வைத்துக் கும்பிட்டு என் கையில் கொடுத்தாள். பின்னறைக்குக் கொண்டுவந்து பிரித்தேன்.

மாட்டு வாகடம்.

சந்தேகமே இல்லை. முதல் எட்டுப் பக்கமும் அட்டையும் போய்விட்டன. உள்ளே இருப்பது:

மாட்டுச் சுழி பார்க்கும் விதம்.
பல் பார்த்து வயது சொல்லும் விதம்.
கோமாரிக்கு மருந்து.
வயிறு உப்பினால் மருந்து.
கழிச்சல், மூன்று வகை.
முரட்டுக் காளையை ஏரில் பழக்குவது.
கொம்போடு ஒரு காளைப் படம், பாதியைப் பூச்சி தின்றது.

வருடம் ஒருமுறை எடுத்துப் பொட்டு வைப்பார்களாம். எந்தப் பக்கம் தானாக விரிகிறதோ அந்தப் பக்கத்தில். அது கழிச்சல் பக்கம். சந்தனம், குங்குமம், மஞ்சள், கற்பூரப் புகை, எல்லாம் அடுக்கடுக்காகக் கழிச்சலின் மேல். வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

சிரித்து முடித்ததும் அறை முன்னைவிடக் காலியாகத் தெரிந்தது. கமலம் இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். "சிரிக்காதீங்க, அவங்க காதுல விழும்" என்றிருப்பாள், தானும் சிரித்துக்கொண்டே.

ஜனவரி 7, வெள்ளி

அலுவலகம். காலை வணக்கம், ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிவது, பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு யார் வீட்டில் எத்தனை பாத்தி மரவள்ளி என்று அளக்கப் போவது. கூட வருபவன் காதர் (இனி கா., தாள் மிச்சம்). மலாக்காவிலேயே பிறந்த தமிழ் முஸ்லிம். எனக்கு இந்த ஊரில் சிநேகிதன் என்று சொல்ல அவன் ஒருவன்தான், அதுவும் வேலை நேரத்தில் மட்டும்.

வழியில் கா.விடம் புத்தகக் கதையைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், கழிச்சல் பக்கத்தை இறுதிக்கு வைத்து. அவன் சிரிக்கவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டே வந்தான்.

"எங்க வாப்பா நாப்பது வருஷம் வேதம் ஓதுனாரு கிராணி. அரபு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது அவருக்கு. ஓதும்போது தாடி நனைஞ்சிடும்."

அது வேறு, அது வேதம்தானே என்றேன்.

"சரி. காலையில குளிச்சிட்டு நீங்க முணுமுணுக்கிறீங்களே, அதுக்கு அர்த்தம் சொல்லுங்க."

சமஸ்கிருதம். அப்பா சொல்லிக்கொடுத்தது. பாதிக்கு அர்த்தம் தெரியும் என்றேன். உண்மையில் பாதியும் தெரியாது.

"அப்ப மீதிப் பாதியில மாடு இருந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது" என்றான் கா. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் வாங்கி முதலில் எனக்குக் கொடுத்தான்.

அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சாயங்காலம் வாசலில் பெருமாள். சண்டைக்காரர் இல்லை, மெதுவான மனிதர். ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றி சொன்னார். பிறகு, இலை எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், ஆறு ஆகாது, ஏழாகப் போடவேண்டும் என்றார். தயங்கித் தயங்கி:

"ஏழாவது இலையை உங்க வீட்டு ஆளுங்களுக்குப் போடலாம் கிராணி. ரெண்டு வருஷம் ஆச்சுதே. அப்பப் போன கப்பலுங்க எல்லாம் என்ன ஆச்சுன்னு ஊர் முழுக்கப் பேச்சு. உங்களுக்கும் படைக்க இங்க வேற யாரு இருக்கா?"

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கப்பல்களில் குண்டுபட்டு மூழ்கியவை உண்டு என்று எனக்கும் தெரியும். நினைக்காத நாள் இல்லை. இன்னொருவர் வாயால் கேட்டது இன்றுதான்.

ஜனவரி 8, சனி

எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

இன்று ஆயர் குரோ பக்கம் அளவு. போகும்போது கமலத்தின் நீலச் சேலையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் விட்டுப்போன ஒரே சேலை. திரும்பி வந்தால் உடுத்த ஒன்று இருக்கட்டும் என்று அவளே மடித்துக் கொடுத்தது. அங்கே ஒரு மலாய்க்கார விவசாயியின் மனைவி துணிக்கு அரிசி தருவாள் என்று கா. முன்பே சொல்லியிருந்தான். கொடுத்தேன். நான்கு படி. நல்ல அரிசி, புழு இல்லை. அந்தம்மாள் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

பெருமாள் சொன்னது உண்மையென்றால் சேலை எதற்கு? பொங்கலுக்கு அரிசியாவது ஆகட்டும். இப்படித்தான் நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பும்போது பையைக் கா. வாங்கிச் சுமந்தான்.

வீட்டுக்கு வந்து, நாளைக்கு என்ன படிப்பது என்று புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று யோசனை:

ஒன்று, இது மாட்டு வாகடம் என்று உண்மையைச் சொல்லிவிடுவது. மூன்று தலைமுறைக்கும் அவமானம். பெருமாள் இலை போடுவார்.
இரண்டு, எனக்குத் தெரிந்த பாட்டு எதையாவது படிப்பது போல் பாடிவிட்டு, இலை வேண்டாம் என்று சாமி சொல்வதாகச் சொல்வது. பொய்.
மூன்று, காய்ச்சல் என்று படுத்துவிடுவது.

கடைசிப் பக்கத்துக்கு இரண்டு பக்கம் முன்னால், அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த தாளை நகத்தால் பிரித்தேன். மாடு காணாமல் போனால் செய்ய வேண்டியது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"காணாமற்போன மாட்டின் முளையைப் பிடுங்கலாகாது. அந்த முளையில் வேறு மாடு கட்டலாகாது. அந்திதோறும் தொட்டியில் தண்ணீர் மாற்றி வைக்கவும். தோலைக் கண்ணால் கண்டால் ஒழியக் கயிற்றை அவிழ்க்கலாகாது."

இரண்டு முறை படித்தேன். பிறகு அரிசிப் பையைப் பார்த்தேன்.

காலையிலேயே இந்தப் பக்கத்தைப் பிரித்திருக்கக் கூடாதா.

ஜனவரி 9, ஞாயிறு

மழை வருவது போல் இருந்து வரவில்லை.

விளக்கு ஏற்றி, மணைப் பலகைமேல் புத்தகம். பீபிக் தலைக்குக் குளித்திருந்தாள். பெருமாள் சாரோங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு கைகூப்பி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தையே படிப்பது, மலாயில் சொல்லும்போது "மாடு" என்பதை "மகன்" என்று மாற்றிவிடுவது. காலையில் கிணற்றடியில் செய்த முடிவு. ஒரு சொல்தானே.

முதலில் தமிழில் படித்தேன். சத்தமாக, நிறுத்தி. ஒரு சொல்லும் புரியாது இருவருக்கும். ஆனால் "ஆகாது" என்று முடியும் ஒவ்வொரு முறையும் பீபிக் தலை குனிந்தாள். அவள் கன்னத்தைப் பார்த்தேன். கா.வின் வாப்பாவின் தாடி ஞாபகம் வந்தது.

மலாயில் சொல்ல வாயைத் திறந்தேன். மகன் என்று வரவில்லை. "லெம்பு" என்றேன். மாடு.

பெருமாள் நிமிர்ந்தார். "லெம்புவா? சாமிப் புத்தகத்துல லெம்பு எதுக்கு?"

எனக்கு வேர்த்துவிட்டது. பதில் சொன்னது பீபிக்.

"வேற எதைப் பத்திச் சொல்லும்? நம்ம பாட்டன் இந்த காஜா பேராங்குல வயல் உழுதவரு. அவருக்கு மாடுதான் பிள்ளை. அவருக்குப் புரியிற மாதிரி சாமி சொல்லியிருக்கு. கிராணி, மறுபடி சொல்லுங்க. தோலைப் பார்த்தாத்தான்..?"

"தோலைக் கண்ணால் பார்த்தால்தான் கயிற்றை அவிழ்க்கலாம்."

"கேட்டியா" என்றாள் பெருமாளிடம். "கேள்விப்பட்டா இல்ல. கண்ணால."

பெருமாள் மூக்கை உறிஞ்சினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க அப்பாவோட வெள்ளைக்காளை ஒண்ணு காணாமப் போச்சு. நான் சின்னப் பிள்ளை. அந்தக் கயிறு ரொம்ப வருஷம் முளையிலயே கிடந்தது. நாங்க எல்லாம் தடுக்கி விழுவோம். எடுக்க விடமாட்டாரு. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

"மாடு வந்ததா?" என்று கேட்டேன்.

"வரல. ஆனா அவரு அவுக்கல."

எழுந்தார். "அஞ்சு இலை போதும் அண்ணி. ஆனா பையன் பசியோட இருந்தா?"

அவர் கேட்டதும் நியாயம்தான்.

பெருமாள் போன பிறகு புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள், என்னைப் பார்க்காமல்:

"முழுசும் மாடுதானா கிராணி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. முழுசும் மாடுதான் என்றேன்.

"என் புருஷனுக்கு அப்பவே சந்தேகம். கொம்போட படம் இருக்கே." சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது இல்லை. "பரவாயில்ல. எத்தனை பேரு கும்பிட்டது. இனிமே அதை வேற எங்க வைக்கிறது."

துணிக்கு மூன்று முடிச்சுப் போட்டு, பழையபடி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நாசூக்காக இரண்டு வார்த்தை சொல்ல நினைத்தேனே. நல்லவேளை.

ஜனவரி 11, செவ்வாய்

அலுவலகத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஆயர் குரோவுக்கு நடந்தேன். அரிசிப் பையோடு. ஒரு படி குறைந்திருந்தது. அதற்கு என் அரைக்கைச் சட்டையைக் கொடுத்துவிடலாம் என்று கையில் வைத்திருந்தேன்.

அந்தம்மாள் வாசலிலேயே இருந்தாள். சேலையைத் திருப்பிக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. உள்ளேயிருந்து இரண்டு பெண் குழந்தைகளைக் கூப்பிட்டாள். நீலத்தில் சட்டை, புதுத் தையல். சின்னவள் பாப்பா வயதிருப்பாள். பாப்பாவின் இப்போதைய வயது.

முந்தானைக்கரையில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. கைக்குட்டை அளவு. கேட்டேன். கொடுத்தாள். அரிசியைத் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது அழுதேன். சாலையில் யாரும் இல்லை. ஜப்பான்காரச் சென்ட்ரி காவல் நிற்கும் இடம் வருமுன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் குனிந்து வணங்கிவிட்டு வந்தேன்.

துண்டைக் கொடிக்கயிற்றில், அவள் சேலை இருந்த இடத்தில் கட்டியிருக்கிறேன். முட்டாள்தனம்தான். அந்தி நேரம். குடத்தில் தண்ணீரும் மாற்றினேன்.

ஜனவரி 12, புதன்

காலையில் அரிசியை அப்படியே பீபிக்கிடம் கொடுத்தேன். போகிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கே கிடைத்தது என்றாள். உண்மையைச் சொன்னேன். கமலம், பாப்பா, கப்பல், சேலை, எல்லாம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் முழுதாகச் சொல்லாததை, கிணற்றுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி.

"பொண்ணு பேரு என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

ராஜம். வீட்டில் பாப்பா.

கா.வுக்கு உஜோங் பாசிரிலிருந்து உப்புக்கருவாடு கிடைத்ததாம். பீபிக் வீட்டுப் படையலுக்கு என்று கொஞ்சம் கொடுத்தான். "நீங்க தொடமாட்டீங்கன்னு தெரியும். தூக்கிட்டாவது போங்க." வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிவந்தேன்.

ஜனவரி 13, வியாழன். போகி

லேசான தூறல், உடனே நின்றது. அரை நாள் விடுப்பு கேட்டேன். கொடுத்தார்கள், ஏன் என்று தெரியவில்லை.

பகல் ஒரு மணிக்கு முன்வீட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு. இந்த வீட்டில் குடியேறியதிலிருந்து இவர்கள் சாப்பாட்டைத் தொட்டதில்லை. சைவம் என்று சொல்லிக்கொண்டு பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தின்பதுதான் வழக்கம். இன்று போனேன்.

விளக்குக்கு எதிரே ஐந்து இலை. சோறு, கருவாடு, மரவள்ளிப் பலகாரம், இறந்துபோன புருஷனுக்குச் சுருட்டு ஒன்று, எங்கிருந்துதான் பிடித்தாளோ. பெருமாள் சூடம் காட்டினார். முன்னோர் சாப்பிட நேரம் விட்டுத் திரையை இழுத்துவிட்டு எல்லோரும் பின்னால் வந்தோம்.

சமையற்கட்டில் தரையில் பாய். அங்கே இலை இல்லை, தட்டு. ஆறுமுகத்தின் தட்டை எனக்குத் தெரியும். விளிம்பில் பச்சைப் பூச்சுப் பெயர்ந்த பீங்கான் தட்டு. அவன் உட்காரும் கதவோரத்தில் அது இருந்தது. சோறு போட்டிருந்தது.

பெருமாள் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இலை செத்தவங்களுக்கு" என்றாள் பீபிக். "இது வரத் தாமதமாகிறவனுக்கு. பசியோட இருந்தா இங்க வந்து சாப்பிடட்டும். நீ சொன்னதும் ஆச்சு, புத்தகம் சொன்னதும் ஆச்சு."

பெருமாள் பாயில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒரு தட்டு வைத்திருந்தாள். புளிக்குழம்பு, பெலாச்சான் என்கிற இறால் விழுது போடாமல் தனியாகக் காய்ச்சியது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு தட்டு. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. யாருக்கு என்று கேட்கவில்லை. பெரியதில் போட்டது நான் கொடுத்த அரிசிதான், கமலத்தின் சேலைச் சோறு. அவளுக்கு அதில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்ததில் மனம் கொஞ்சம் ஆறியது.

சின்னத் தட்டில் சோறு வைத்துவிட்டு, மிளகாய்ச் சம்பலைக் கரண்டியில் எடுத்தபடி என்னைக் கேட்டாள்:

"பாப்பாவுக்குக் காரம் ஆகுமா?"

வாயைத் திறந்தேன். போகும்போது ஆகாது. அப்போது ஐந்து வயது, தோசைக்குச் சர்க்கரைதான். இப்போது ஏழு. தெரியவில்லை.

"தெரியல பீபிக்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். சம்பலைச் சோற்றில் படாமல் தட்டின் ஓரமாக வைத்தாள்.

"வந்து அவளே பார்த்துக்கட்டும்" என்றாள்.